விளிம்புக்கு அடியில் வெள்ளை

திருப்பூர்,
8 ஜனவரி 2024

பாசமுள்ள ஜெய்புன்னிசா அக்காவுக்கு, தம்பி பசீர் அகமது எழுதிக்கொண்டது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஆம்பூரில் நீங்களும் மகன் அனீசும் மருமகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தபாலில் கடிதம் வந்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். கெட்ட சேதி ஒன்றும் இல்லைங்க அக்கா. சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்று நின்று உங்கள் காது போய்விட்டது. போனில் நான் கத்தினால் எங்கள் தெருவுக்கே கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மருமகள்தான் முதலில் படிக்கிறாள். இது அக்கா தம்பிக்குள் இருக்கவேண்டிய விஷயம்.

நம் டையிங் பட்டறையில் புது மெஷின் போட பேங்கில் லோன் கேட்டிருக்கிறேன். காங்கயம் ரோட்டு வீட்டை அடமானம் வைக்கவேண்டும். அத்தா மௌத்தான பிறகு வீடு நம் இரண்டு பேருக்கும் சேர்ந்தது. உங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்ததாக ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்கிறார் மேனேஜர். மார்க்கப்படி உங்களுக்குப் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தாவை அடக்கிவிட்டு வந்த அன்றைக்கு நீங்களேதான், "எனக்கு ஊடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நீ நல்லா இருந்தாப் போதும் கண்ணு" என்று சொன்னீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

உங்களுக்குத் தோதான தேதியை எழுதுங்கள், காரை அனுப்புகிறேன். மகள் ஆஃப்ரின், மாமிக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் துஆவை நாடும் தம்பி,
பசீர்


ஆம்பூர்,
19 ஜனவரி 2024

அருமைத் தம்பி பசீருக்கு, அக்கா எழுதுவது.

வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் கிடக்கட்டும், அது என்னோடு கபருக்குத்தான் வரும். நீ சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? உன் வீட்டுக்காரி பாயசம் வைத்தால் வழித்துச் சாப்பிடுகிற ஆள் நீ.

கையெழுத்துதானே, போட்டுத் தருகிறேன். அதற்கு எதற்கு மார்க்கத்தையும் மேனேஜரையும் இழுக்கிறாய்? பெற்றவர்கள் போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதென்றால், அங்கே தம்பி இருக்கிறான் என்பதால்தான். உன்னிடம் செங்கல்லை எண்ணிப் பங்கு வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தாவின் கைக்கடிகாரம் எனக்கு வேண்டும்.

அனீஸ் சிரிக்கிறான். "ஏம்மா, ஊட்டை உட்டுட்டு ஓட்டை வாட்சைக் கேக்கறியே" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்! அத்தா ஹஜ்ஜுக்குப் போன வருசம் ஜித்தாவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த சுவிஸ் வாட்ச். வந்தபோது டயல் பால் வெள்ளை. வேறு ஆளாக இருந்தால் பெட்டியில் பூட்டி வைத்துப் பெருநாளுக்குப் பெருநாள் கட்டியிருப்பார். நம் அத்தா கொதிக்கிற சாயத் தொட்டிக்கு மேலே அந்தக் கையையே நீட்டித் துணியைத் தூக்கிப் பார்த்தவர். ஆவியும் வியர்வையும் சாவி கொடுக்கிற இடம் வழியாக உள்ளே புகுந்து, மூணு மணிப் பக்கம் டீக்கறையாகக் கருத்தது. அங்கிருந்து மெல்ல மெல்லப் படர்ந்து, பன்னிரண்டுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருந்தது. புள்ளி புள்ளியாக வைத்த ரேடியம்கூட வெல்லக் கலருக்கு வந்துவிட்டது. டயலை மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதற்கு அத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "துணிக்குத்தான் சாயம் போடறேன்னு நெனச்சேன், இதுக்கும் போட்டிருக்கேன் பாருங்க. இது என்ற கலரு, கை வெக்காதீங்க" என்றார்.

அந்தக் கலர்தான் எனக்கு வேண்டும். வாட்ச் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அனுப்பி வை, தேதி சொல்கிறேன்.

அன்பு அக்கா,
ஜெய்பு


திருப்பூர்,
4 மார்ச் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம், உங்கள் நலத்துக்கு துஆ. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள், வடக்கத்திப் பையன்கள் பாதிப் பேர் ஹோலிக்கு ஊர் கிளம்பிவிட்டார்கள், நானே பாய்லர் பக்கம் நிற்கவேண்டியதாகிவிட்டது.

வாட்ச் விஷயம். அத்தாவின் சாமான்களை எல்லாம் மாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். சாவியை உங்கள் தம்பி மனைவி எங்கேயோ வைத்துவிட்டாள். தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் பழைய பட்டையை மாற்றிப் புதிதாகத் தோல் பட்டை போட்டு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இது இல்லாமல் வேறு ஏதாவது வேண்டுமென்றாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அம்மாவின் வெள்ளிக் குங்குலியச் சட்டி இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்குமே.

பேங்க் மேனேஜர் மறுபடியும் கேட்டார். நோன்புக்கு முன்னால் பத்திரத்தை முடித்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

தம்பி,
பசீர்


ஆம்பூர்,
12 மார்ச் 2024

தம்பி பசீருக்கு,

வஅலைக்கும் ஸலாம். இன்று தலைநோன்பு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நோன்பு லேசாக அமையட்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏண்டா, ஒரு அலமாரிச் சாவியைத் தேட ஒரு மாசமா? உடைத்தால் பூட்டுத்தான் போகும். குங்குலியச் சட்டியை நீயே வைத்துப் புகை போடு. நான் கேட்டது வாட்ச். பட்டையையும் மாற்றாதே. தோல் பட்டை எனக்கு ஆம்பூரில் கிடைக்காதா? இந்த ஊரே தோலில்தான் பிழைக்கிறது. அத்தா கையில் எப்படி இருந்ததோ அப்படியே, அழுக்கோடு அனுப்பு.

நோன்புக்கு முன்னால் கையெழுத்து என்கிறாய், உன் கடிதாசியே நோன்போடுதான் வந்து சேர்ந்தது. பெருநாள் முடியட்டும். வாட்ச் என் கைக்கு வந்த வாரமே நான் தேதி சொல்வேன். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

ஆஃப்ரினுக்கு வரன் பார்ப்பதாக அனீஸ் சொன்னான். நல்ல இடமாக அமைய துஆ செய்கிறேன்.

அக்கா,
ஜெய்பு


திருப்பூர்,
16 ஏப்ரல் 2024

என் பாசத்துக்குரிய அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். தொழுதுவிட்டு அத்தா கபருக்குப் போய் யாசீன் ஓதினேன், உங்கள் பேரையும் சொல்லி துஆ கேட்டேன். அனைவரும் சுகம்தானே?

இத்துடன் வாட்ச் வருகிறது. பஞ்சு வைத்து நானே பேக் செய்தேன். நீங்கள் சொன்னபடி பட்டையைக்கூட மாற்றவில்லை, துடைக்கக்கூட இல்லை. ஒரு கடைக்காரனையும் தொடவிடவில்லை. அத்தா மௌத்தான அன்று குளிப்பாட்டினவர்கள் அவர் கையிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தது இதுதான், அந்தக் கோலத்திலேயே அனுப்பியிருக்கிறேன். டயலைப் பாருங்கள், மூணு மணிப் பக்கத்துக் கறை, வெல்லப் புள்ளி, எல்லாம் அப்படியே இருக்கிறது. அத்தா கட்டின வாட்ச் என்று நான் அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்வேன்.

குழந்தைகளுக்கு என்று ஒரு கட்டு பனியன் வைத்திருக்கிறேன், எக்ஸ்போர்ட் பீஸ். தேதியை மட்டும் சீக்கிரம் எழுதுங்கள் அக்கா.

உங்கள் தம்பி,
பசீர்


ஆம்பூர்,
25 ஏப்ரல் 2024

என் செல்லத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீ நூறு வயசு நல்லா இருக்கணும்டா. பார்சலைப் பிரித்ததும் நான் அழுத அழுகையில் மருமகள் பயந்துபோய் அனீசுக்குப் போன் போட்டுவிட்டாள். யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்தாளாம்!

கட்டிப் பார்த்தேன், வளையல் மாதிரி முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இருக்கட்டும். காலையில் தொழுதுவிட்டுச் சாவி கொடுக்கிறேன். டிக் டிக் என்று ஓடுவது எனக்குக் கேட்காது, ஆனால் தாடையில் வைத்தால் தெரிகிறது. அத்தா நாடித்துடிப்பைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு அதிசயம் கேள். நேற்று மஃரிப் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தியைத் தேடுகிறேன், என் கையில் பச்சைப் பச்சையாகப் புள்ளி எரிகிறது! இருட்டில் மணி பார்க்கலாம் போல அத்தனை வெளிச்சம். நான் கல்யாணம் ஆகி சோமனூர் போவதற்கு முன்பே அந்த ரேடியம் செத்துப்போயிருந்தது, அத்தா நோன்புக்கு எழுந்தால் தீக்குச்சி கிழித்துத்தான் மணி பார்ப்பார். எனக்கு ஞாபகம் பிசகுகிறதோ என்னவோ. வயசாகிவிட்டது.

மே மாசக் கடைசியில் வருகிறேன். அனீசுக்கு லீவு கிடைத்ததும் தேதி எழுதுகிறேன். சந்தோசமாக வந்து சந்தோசமாகப் போட்டுத் தருகிறேன். பனியன் எல்லாம் பிள்ளைகளுக்குக் கச்சிதம்.

அன்பு அக்கா,
ஜெய்பு


திருப்பூர்,
29 ஏப்ரல் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகமறிய ஆவல். உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது, உடனே எழுதுகிறேன்.

புள்ளி எரிவது ஒன்றும் அதிசயம் இல்லை அக்கா. அனுப்புவதற்கு முன்னால் சர்வீஸ் கொடுத்திருந்தேன், அதில் க்ளீன் செய்திருப்பார்கள். தூசி போனால் பழைய ரேடியம் திரும்ப எரியுமாம். நீங்கள் அதை யாரிடமும் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள், பழைய மெஷின், ஸ்க்ரூ வழுக்கிவிட்டால் அவ்வளவுதான். டிராயரில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள், கட்ட வேண்டாம்.

மே இருபத்தி ஏழு திங்கட்கிழமை. ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் போட்டுவிடட்டுமா?

தம்பி,
பசீர்


ஆம்பூர்,
20 மே 2024

பசீருக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் உடம்புக்கு சுகமாகத்தான் இருக்கிறேன்.

உன் இரண்டு கடிதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் துடைக்கக்கூட இல்லை, ஒரு கடைக்காரனையும் தொடவிடவில்லை என்கிறாய். அடுத்ததில் சர்வீஸ் கொடுத்தேன் என்கிறாய். வாட்சைக் கட்டாதே, டிராயரில் வை, யாரிடமும் காட்டாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால், நான்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன்டா. நீ சொன்ன பிறகுதான் அதைக் கழற்றிக் காட்டப் போனேன்.

பஜாரில் குருசாமி என்று ஒருவர் வாட்ச் பார்க்கிறார். முசுடு. வாயைத் திறந்தால் சண்டை மாதிரி இருக்கும். அனீஸ் கூட வந்தான், அவர் சொன்னதை என் காதுகிட்டத் திருப்பிச் சொன்னான். கண்ணாடியைக் கழற்றினார், லென்ஸை மாட்டிப் பார்த்தார், "ஏம்மா, இது அசல்னு யார் சொன்னது?" என்றார். எங்க அத்தா வாட்ச் என்றேன். "இருக்கலாம், ஆனா இது அசல் இல்ல, காப்பி. வாங்கி நாலஞ்சு வருசம்கூட ஆகியிருக்காது. வயசானது மாதிரி வேசம் போட்டிருக்கு" என்றார்.

செத்த ரேடியம் தூசி தட்டினால் எரியாதாம். இந்தப் புள்ளிகள் மேலே வெல்லக் கலரைத் தடவிய புதுப் புள்ளிகள், அதனால்தான் இருட்டில் எரிகின்றன. அசல் டயல் என்றால் நாற்பது வருசத்தில் வார்னிஷ் முடி முடியாக வெடித்திருக்குமாம், இது மொழுமொழுவென்று இருக்கிறது. பிறகு டயலையே வெளியே எடுத்துக் காட்டினார். சுற்றி விளிம்பை மூடிக்கொண்டு ஒரு வளையம் இருக்கிறது, அதற்கு அடியில் வெளிச்சமும் போகாது, ஆவியும் அவ்வளவாகப் போகாது. அங்கே டயல் வாங்கின அன்றைக்கு இருந்த வெள்ளை இருக்கவேண்டும். நான் பார்த்தேன் பசீர். விளிம்புக்கு அடியிலும் அதே டீக் கலர். திருப்பினால் முதுகிலும் அதே டீக் கலர். "யாரோ டயலையே கலர் தண்ணியில முக்கி எடுத்திருக்காங்க. ஆனா ஷேடு பிரமாதம்மா, கலர் தெரிஞ்ச ஆளு" என்றார் குருசாமி. அவர் பாராட்டித்தான் சொன்னார்.

முக்கி எடுக்கிற புத்தி யாருக்கு வரும்? பூசுகிறவன் மேலே பூசுவான். நாமதானேடா எதைக் கொடுத்தாலும் முழுசாக முக்குகிற சாதி! ஒரு துணியில் மேலே ஒரு கலர், மடிப்புக்குள்ளே ஒரு கலர் இருந்தால் ரிஜெக்ட். மடிப்பை விரித்துப் பார்த்து ஒரே ஷேடு வந்தால்தான் அத்தா நம்மை எழவிடுவார். அந்தப் பாடத்தை நீ வாட்சுக்கும் படித்திருக்கிறாய். உன் லேபில் லைட் பாக்ஸுக்கு அடியில் வைத்து, துணிக்கு ஷேடு மேட்ச் செய்கிற மாதிரி மேட்ச் செய்து, என்னைத் துணி வாங்குகிற பையராக நினைத்து அப்ரூவல் வாங்கிவிட்டாய். வெளிச்சத்தில் எல்லாம் பார்த்தாய். லைட்டை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இப்படி மேட்ச் செய்ய முடியாது. அப்படியென்றால் அசல் உன் கையில் இருந்திருக்கிறது. அது எங்கே? இருபத்தி ஏழாம் தேதி நான் வரமாட்டேன். முதலில் இதற்குப் பதில் எழுது.

ஜெய்பு


திருப்பூர்,
11 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் அனைவரும் சுகம். பக்ரீத் நெருங்கிவிட்டது, உங்கள் பேரிலும் ஒரு பங்கு குர்பானி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆஃப்ரினுக்குப் பல்லடத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கோழிப் பண்ணைக்குத் தீவனம் சப்ளை செய்கிறார், தொழுகையாளி. பெரிய மனுசியாக நீங்கள் வந்து பார்த்துச் சொன்னால்தான் எங்களுக்கு நிம்மதி.

இந்த வருசம் மாம்பழம் சொத்தை, நல்லதாகப் பொறுக்கி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அனீஸ் வளர்க்கிற பூனை குட்டி போட்டுவிட்டதா? உங்கள் முழங்காலுக்குக் கோயமுத்தூரில் நல்ல டாக்டர் இருக்கிறார், வந்தால் கூட்டிப்போகிறேன்.

பேங்கில் ஆகஸ்ட் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி,
பசீர்


ஆம்பூர்,
18 ஜூன் 2024

பசீருக்கு,

ஸலாம். பூனை சுகமாக இருக்கிறது. மூன்று குட்டி.

வாட்ச் எங்கே?

மாம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜெய்புன்னிசா


திருப்பூர்,
30 ஜூலை 2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறேன். எனக்குத்தான் சுகம் இல்லை, சுகர் முன்னூறுக்கு மேலே நிற்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொரோனா முடிந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? ஆர்டரே இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் போட நான் நாய் படாத பாடு பட்டேன். அப்போது ஒரு பையிங் ஆபீஸ்காரர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பெரிய கை, அவர் நினைத்தால் வருசம் முழுக்க வேலை. அவருக்குப் பழைய வாட்ச் என்றால் பைத்தியம். அத்தா கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சோற்றை விட்டுவிட்டார். இந்த மாதிரி தானாகப் பழசான டயல் கோடி கொடுத்தாலும் கிடைக்காது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலருக்குப் போகும், இந்தக் கலரை நான் பார்த்ததே இல்லை என்றார். போகும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். அவர் கேட்கவில்லை அக்கா. ஆனால் கேட்டுவிட்டார்.

அத்தாவிடம் கேட்டால் கொடுக்கமாட்டார். அவருக்கு அப்போதே கண் மங்கிவிட்டது, உங்களுக்கே தெரியும், முகத்தைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். மும்பையிலிருந்து அதே மாடலில் ஒரு காப்பி வரவழைத்தேன். சர்வீஸ் என்று சொல்லி அத்தாவிடம் அசலை வாங்கினேன். நீங்கள் எழுதின மாதிரியே லேபில் வைத்து மேட்ச் செய்தேன். ஒரு வாரம் நானே உட்கார்ந்து செய்தேன், யாரையும் நம்பவில்லை. அசலை அந்தப் பையிங் ஆபீஸ்காரருக்குக் கொடுத்தேன். இதை அத்தா கையில் கட்டிவிட்டேன்.

ஆகவே நான் உங்களுக்கு என்று டூப்ளிகேட் செய்யவில்லை. உங்களிடம் இருப்பது அத்தா கடைசி இரண்டு வருசம் கட்டியிருந்த வாட்ச்தான். நான் போட்ட ஆணை பொய் ஆணை இல்லை. நீங்கள் கேட்டதும் அந்த ஆளிடம் ஓடினேன். அவர் துபாய் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. மார்ச் மாசம் முழுக்க அதற்குத்தான் அலைந்தேன். எப்படியாவது திரும்ப வாங்கித் தருகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அத்தாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நமக்காகத்தான் செய்தேன், இந்தக் குடும்பத்துக்காக. ஆகஸ்ட் பன்னிரண்டு கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் லோன் இல்லை, லோன் இல்லையென்றால் டையிங்கை மூடவேண்டியதுதான். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. பன்னிரண்டாம் தேதி காரை அனுப்புகிறேன்.

உங்கள் காலைப் பிடிக்கும் தம்பி,
பசீர்


ஆம்பூர்,
5 ஆகஸ்ட் 2024

பசீர் அகமதுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மாத்திரையை ஒழுங்காகப் போடு.

முழுசாகப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அந்த ஆளுக்கு ஆர்டருக்காக வாட்சைக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. பசியில் இருக்கிறவனுக்கு எல்லாம் விற்கிற பொருள்தான். "அக்கா, இப்படி ஆகிப்போச்சு, வாட்ச் இல்லை" என்று ஜனவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால், போகட்டும் போ என்று சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். அலமாரிச் சாவியைக் காணோம் என்றாய். அல்லாஹ் பேரில் ஆணை போட்டாய். ஒரு வெட்கம் இல்லாமல் மாம்பழம் அனுப்பினாய். என்னை இப்படி ஏமாற்றினாயே என்று ராத்திரி பகலாக எரிந்தேன். சரி, என்னை ஏமாற்றினது என்னுடைய ஹக்கு, எனக்கு நீ பட்ட கடன். அதைப் பொறுத்துக்கொள்கிற உரிமை எனக்கு இருக்கிறது. பொறுத்துக்கொண்டேன். நாளை மறுமையில் அதற்காக உன் சட்டையைப் பிடிக்கமாட்டேன்.

ஆனால் அத்தாவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும்.

கடைசிப் பெருநாளுக்கு நான் வந்து பத்து நாள் தங்கினேன் அல்லவா? அத்தா வாட்சை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார், டயல் நாடிப் பக்கம். அதற்கு மேலே முழுக்கைச் சட்டை. "ஏனுங்கத்தா, இதென்ன புது ஸ்டைலு?" என்று நான் கேலி செய்தேன். "வெளக்கை அமத்தினா கண்ணைக் குத்துது கண்ணு" என்றார். வயசான மனுசன் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

முகம் தெரியாத கண்ணுக்கு இருட்டில் எரிகிற புள்ளி தெரியாதா? முப்பது வருசமாகச் செத்துக்கிடந்த ரேடியம் சர்வீசுக்குப் போய்வந்து எரிந்தால், ஒரு டையிங் மாஸ்டருக்கு என்ன நடந்தது என்று தெரியாதா? சர்வீஸ் என்று சொல்லி வாங்கிப்போனது யார் என்று தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் திருப்பிக் கட்டிக்கொண்டார். வந்துபோகிறவர்கள் பார்த்துவிட்டுத் தன் மகனைக் கேவலமாகப் பேசிவிடக் கூடாது என்று, இரண்டு வருசம் அந்தப் பொய்யைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளான என்னிடம்கூட உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ தினம் காலையில் அவர் கையைப் பிடித்துச் சாவி கொடுத்துவிடுவாயாமே, ஆஃப்ரின் பெருமையாகச் சொன்னாள். அந்த நேரத்தில் அவர் உன் குரலை எப்படிக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார் என்று நினைத்துப் பார்.

அவருக்குச் செய்ததை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது? அது அவருடைய ஹக்கு. அவர் கபரிலிருந்து எழுந்து வந்து சொல்லமாட்டார். அவருக்குப் பதிலாக மன்னிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. உன் பேரில் இருக்கிற அந்தக் கணக்கு அல்லாஹ்வுக்கும் உனக்கும் நடுவில் இருக்கட்டும்.

துபாய்க்காரனைத் தேடாதே. அசல் எனக்கு வேண்டாம். அத்தா மறைத்து வைத்த இதுவே என்னிடம் இருக்கட்டும்.

பன்னிரண்டாம் தேதி நான் வருகிறேன். காரை அனுப்பாதே, அனீசோடு ரயிலில் வருகிறேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரவில்லை. வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று மார்க்கம் சொல்கிறது, நீயே முதல் கடிதாசியில் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் பிரித்து எழுதி வாங்க வருகிறேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் சொன்னது என் தம்பியிடம். அந்தத் தம்பி எங்கே போனான் என்று நீ எனக்கு எழுதவே இல்லை.

பத்திரத்தில் என் பெயரை இப்படிப் போடச் சொல்:

டையிங் மாஸ்டர் முகம்மது யூனுஸ் மகள்,
ஜெய்புன்னிசா